ஆறடி தாண்டியவருக்கு எந்த டேங்க்?

திருப்பதி ஊருக்குள் கடல் கிடையாது. 2022 ஏப்ரலில் புது மாவட்டம் பிறந்தபோது சூளூர்ப்பேட்டையும் பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதியும் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தன. ஆனால் அந்த ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஸ்கூபா ஆசை பிடித்த திருப்பதி, சித்தூர்க்காரர்கள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வருகிறார்கள். ஆந்திராவுக்குள்ளேயே வேண்டும் என்பவர்களுக்கு விசாகப்பட்டினத்து ருஷிகொண்டா இருக்கிறது.

அப்படி வந்தவர் ஆறடி இரண்டு அங்குலம், 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கரையில் வரிசையாக நிற்கும் டேங்க் எல்லாம் ஒரே அளவு. பக்கத்தில் ஐந்தடிப் பெண் ஒருவருக்கும் அதே டேங்கைத்தான் மாட்டிவிடுகிறார்கள். “எனக்கு இது போதுமா?” என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு நீளமான டேங்க் அவர் முதுகில் பொருந்தும் என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உயரமானவர்கள் தேவையில்லாத சுமையைத் தூக்குகிறார்கள்.

முதலில் அந்த டேங்க். பலரும் அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். சாதாரண டைவிங்கில் அதற்குள் இருப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. வெப்பக் கடல்களில் எங்கும் காணப்படுவது ‘அலுமினியம் 80’. எண்பது கன அடி என்று பெயர், உண்மையில் பிடிப்பது 77 கன அடிச் சொச்சம். நீளம் 66 செ.மீ., விட்டம் 18 செ.மீ., வெறும் டேங்க் 14 கிலோ. உள்ளே 11 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் 207 பார் அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று அடைபடுகிறது. அந்தக் காற்றின் எடை மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல்.

அந்தக் காற்று எவ்வளவு நேரம் வரும்? பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. காற்றும் அதே கணக்கில் கரையும். நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு வாங்கும் நிதானமான ஒருவர் 18 மீட்டர் ஆழத்தில் 42 லிட்டர் செலவழிப்பார். அவசரத்துக்கென 50 பாரை ஒதுக்கிவிட்டால், 200 பாரில் தொடங்கியவருக்குச் சுமார் 40 நிமிடம். நம் ஆறடிக்காரர் 22 லிட்டர் வாங்குபவர் என்றால் 27 நிமிடத்தில் கை காட்டி மேலே வரவேண்டும். குழுவில் ஒருவருக்குக் காற்று குறைந்தால் பெரும்பாலும் எல்லாருமே திரும்ப வேண்டியதுதான். அந்தச் சங்கடத்தில்தான் பெரிய டேங்க் ஆசை பிறக்கிறது.

ஆனால் அந்த 22 லிட்டர் உயரத்தால் வந்ததல்ல. உயரமானவரின் நுரையீரல் பெரிது என்பது உண்மை. மூச்சு எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பதோ உடலில் சேரும் கரியமில வாயு. தசை எவ்வளவு, வேலை எவ்வளவு, பதற்றம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. ஒல்லியாக உயர்ந்து, துடுப்பை மெல்ல அசைத்துப் போகிறவர், கையைக் காலை உதைத்துக்கொள்ளும் குட்டையானவரைவிடக் குறைவாகவே வாங்குவார். ஆகவே முதல் நாளே பெரிய டேங்க் கேட்க வேண்டியதில்லை. நான்கைந்து முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் எத்தனை பார் செலவானது, எந்த ஆழம், எத்தனை நிமிடம் என்று லாக் புத்தகத்தில் குறித்துக்கொண்டால் சொந்தக் கணக்கு தானாகத் தெரிந்துவிடும்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் 15 லிட்டர் எஃகு டேங்க் இருக்கிறது. அதே ஆழத்தில் அவருக்கு 36 நிமிடம் கிடைக்கும். கரையில் அதன் எடை நிரப்பிய பின் 20 கிலோவைத் தாண்டும். ஆடும் ஃபைபர் படகில் அதை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கும்போது முதுகுக்குத் தெரியும். தண்ணீருக்குள் வேறு கதை. காற்று தீரத் தீர அலுமினிய டேங்க் மிதக்கப் பார்க்கும். காலியாகும் நேரத்தில் சுமார் இரண்டு கிலோ மேல்நோக்கி இழுக்கும், அதை ஈடுகட்ட இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். எஃகு பொதுவாக மிதக்காது. அந்த ஈயம் மிச்சம்.

நீளத்தின் விஷயத்தில்தான் உயரம் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. அதிலும் மொத்த உயரம் அல்ல, முதுகின் உயரம். ஆறடிக்காரர்கள் பலருக்குக் கால்தான் நீளம். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு தோள் சமமாக நிற்கும். பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நாடாவால் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். முதுகு நீண்டவருக்கு, அமெரிக்கக் கணக்கில் 120 கன அடி எனப்படும் ஒல்லியான எஃகு டேங்க், ஏறத்தாழ 70 செ.மீ. நீளம், அழகாகப் படியும். முதுகு குறுகியவர் அதை மாட்டினால் தலையை நிமிர்த்தும்போது பின்மண்டை வால்வில் இடிக்கும். கீழே இறக்கிக் கட்டினால் அடிப்பாகம் பிட்டத்தில் இடிக்கும். அவருக்கு விட்டம் பெருத்த குட்டை டேங்க்தான் சரி.

நீண்ட கால்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நுரையீரல் மிதக்கிறது, கால் அமிழ்கிறது. மனிதர் தண்ணீரில் படுக்காமல் சாய்ந்து நிற்கிறார். சாய்ந்து நீந்தினால் தண்ணீரின் தடை கூடும், மூச்சும் கூடும். டேங்க் பட்டையைத் தளர்த்தி, டேங்கைத் தலைப்பக்கமாக இரண்டு மூன்று விரற்கடை ஏற்றிக் கட்டினாலே பலருக்குக் கால் மேலே வந்துவிடும். போதாதென்றால் இடுப்பு ஈயத்தில் ஒன்றை எடுத்து மேல் பட்டையில் கோக்கலாம். செலவில்லாத இந்தத் திருத்தம் மிச்சம் பிடிக்கும் காற்று, பெரிய டேங்கையே தேவையில்லாமல் செய்துவிடலாம்.

எங்கே இறங்குகிறோம் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. மாமல்லபுரத்துக் கடலில் 2002-ல் தேசிய கடலியல் நிறுவனமும் பிரிட்டன் குழுவும் கட்டட எச்சங்களைத் தேடியது 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில். அங்கே அலுமினியம் 80 நம்மவருக்கு முக்கால் மணி நேரத்தை நெருங்கும். மட்டக்களப்புக்கு வெளியே, 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அதே டேங்க் 12 நிமிடம்கூடத் தாங்காது. அது பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லைக்கு வெளியே, தனிப் பயிற்சி பெற்றவர்கள் இரட்டை டேங்கோடு போகும் இடம்.

எந்த அளவானாலும் டேங்கின் தோளில் குத்தியிருக்கும் எண்களைக் குனிந்து பார்க்க வேண்டும். கொள்ளளவு, அழுத்தம், கடைசியாக நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். இந்தியாவில் இந்தச் சிலிண்டர்கள் 2016-ம் ஆண்டு வாயுச் சிலிண்டர் விதிகளின்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான ‘பெசோ’வின் கட்டுப்பாட்டில் வருகின்றன. தேதி தெரியாத டேங்கை வேண்டாம் என்று சொல்ல யாரும் கூச்சப்படக் கூடாது.

திருப்பதி, சித்தூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. டேங்க் பெரிதானால் கீழே இருக்கும் நேரம் நீளும், உடலில் கரையும் நைட்ரஜனும் கூடும். பரவலாகப் பயன்படும் அட்டவணை ஒன்று 18 மீட்டரில் முதல் டைவுக்கு 56 நிமிடம்தான் தருகிறது. அந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் உடலுக்குள் குமிழியாகலாம். ஒரு டைவுக்குப் பின் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவுக்குப் பின் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான ‘டான்’ சொல்லும் வழிகாட்டல். அது சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும். திருமலை 800 மீட்டருக்கு மேல். சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் வழியில் பலமநேரும் 600-ஐத் தாண்டிவிடுகிறது. ஞாயிறு காலை புதுச்சேரியில் இரண்டு முறை இறங்கி 11 மணிக்கு மேலே வந்தவருக்கு அந்த 18 மணி நேரம் திங்கள் அதிகாலை 5 மணிக்குத்தான் முடிகிறது. தரிசன டிக்கெட்டுக்கு நேரம் தேர்ந்தெடுக்கும்போது அதற்குப் பிந்தைய ஸ்லாட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.