‘சரி’ என்று பதில் வந்தால் பணம் வந்ததாகுமா?



நம்ம குழுவில் கடன் வாங்குகிறவர் நேரில் வந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார். நாளைக்கு "நான் வாங்கவே இல்லை" என்று அவர் சொல்ல முடியாது. ஆளும் தெரியாது, கையெழுத்தும் இல்லை என்றால் என்ன ஆகும்? இணைய வியாபாரம் தொடங்கிய காலத்தில் அமெரிக்கக் கடைக்காரர்கள் பட்ட பாடு இதுதான்.

அங்கே அமேசான் 1995-ல் இணையத்தில் புத்தகம் விற்க ஆரம்பித்தது. சின்னக் கடைகளும் வந்தன. வாங்குகிறவர் கடன் அட்டை எண்ணைக் கணினியில் தட்டுவார். கடைக்காரர் அதை வங்கிக்கு அனுப்பி அனுமதி கேட்பார். ‘சரி’ என்று பதில் வந்ததும் பொருளை அனுப்பிவிடுவார்.

அந்த ‘சரி’க்கு என்ன அர்த்தம்?

அட்டை செல்லும், அதில் அவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறது. அவ்வளவுதான்! எண்ணைத் தட்டியவர் அட்டைக்குச் சொந்தக்காரர்தானா என்பது வங்கிக்கும் தெரியாது.

திருட்டு எண்ணை வைத்து ஒருவர் 100 டாலர் கைக்கடிகாரம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சொந்தக்காரர் கணக்கைப் பார்த்து, "நான் வாங்கலையே" என்று புகார் செய்வார். அமெரிக்கச் சட்டப்படி அவருக்கு 50 டாலருக்கு மேல் பொறுப்பு கிடையாது. வங்கி அந்தப் பணத்தைக் கடைக்காரரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். கடிகாரமும் போச்சு, பணமும் போச்சு, கட்டணம் வேறு தண்டம்!

பிறகு வந்த பாதுகாப்புகள்

* அட்டையின் பின்பக்கம் உள்ள 3 இலக்க எண்ணைக் கேட்டார்கள்.
* வாங்குகிறவர் தந்த முகவரியை வங்கியில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டார்கள்.
* 2001-ல் விசா நிறுவனம் கடவுச்சொல் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த கடைகளுக்கு, இப்படிப்பட்ட மோசடி நஷ்டம் பெரும்பாலும் வங்கியின் பொறுப்பாக மாறியது.
* நம் நாட்டில் 2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் அட்டை மூலம் வாங்க, அட்டையில் அச்சிடாத இன்னொரு தகவலும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. இப்படித்தான் பழக்கத்துக்கு வந்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

இன்று நம் ஊறுகாயும் மசாலாப் பொடியும் செல்போன் வழியாக விற்கின்றன. முகம் தெரியாதவருக்கு விற்கும் ஆபத்து நமக்கும் உண்டு.

1. "பணம் போட்டுட்டேன்" என்று காட்டும் படத்தை நம்பாதீங்க. உங்கள் கணக்கில் வரவு விழுந்ததா என்று பாருங்க.
2. பணம் பெறுவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது மோசடி.
3. தெரியாதவர் அவசரமாகப் பெரிய ஆர்டர் கொடுத்தால், விசாரித்து, முன்பணம் கணக்கில் ஏறிய பிறகே சரக்கை அனுப்புங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, எல்லோரும் கலந்து பேசுங்கள்.