ஊரும் உறவும் – 14: ரேகை வைக்க மறுத்தவர்கள்

அல்லிநகரத்திலிருந்து கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. அங்கே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை எடுக்க வந்த போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கணவாய்க்கு இருபுறமும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் அதில் சிக்கினார்கள். ஆண்கள் விரல் ரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். துஷ்டி வீட்டுக்குப் போகிறவன் கையிலும் சீட்டு! திருடியவன், திருடாதவன் என்ற பேதமே சட்டத்துக்கு இல்லை. பிறகு எவன் எதற்காக அடங்கி நடப்பான்?

இந்தக் கேள்வியை அமெரிக்க உளவியலாளர் ஜீன் டுவெங்கி குழுவினர் சோதனையாகவே செய்து 2007-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் சிலரிடம், “பிற்காலத்தில் உனக்கென்று யாரும் இருக்க மாட்டார்கள்” என்று பொய்யாகச் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் நன்கொடை குறைவாகக் கொடுத்தார்கள். கீழே சிதறிய பென்சில்களைப் பொறுக்கித் தரக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. விட்டுக்கொடுத்து ஆட வேண்டிய விளையாட்டிலும் முரண்டு பிடித்தார்கள். வேறு சிலரிடம் “உனக்கு விபத்துகள் நேரும்” என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் வழக்கம்போல உதவினார்கள். ஆகவே கெட்ட சேதி அல்ல, ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணமே கையைக் கட்டிப்போட்டது. அதே ஆண்டில் வந்த ஜான் மேனர் குழுவின் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒதுக்கப்பட்டவர்கள், தம்மை ஏற்கக்கூடிய புதியவர்களைத் தேடிப்போகிறார்கள், ஒதுக்கியவர்களிடம் அந்த இணக்கம் வருவதில்லை.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிகள் திறந்தது, கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தது, கிணறு வெட்டித் தந்தது. சட்டத்தை மட்டும் 1947 வரை கைவிடவில்லை. ஒரு கையில் சிலேட்டு, மறு கையில் ரேகைப் பதிவேடு. இதைக் கருணை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்று 300-ஐ ஒட்டிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், விடுதிகளோடு நிற்கின்றன. 2023-இல் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அரசு அறிவித்தபோது, இந்த வட்டாரமே எதிர்த்துக் குரல் கொடுத்தது. ரேகை வைக்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அரசு கட்டிய அந்தக் கட்டடங்கள் சொந்தச் சொத்து.

இதோடு முடித்தால் பாதி உண்மைதான். அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் 2006 வரை பத்தாண்டுகள் அங்கே ஒரு தலித் தலைவர் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. தள்ளிவைக்கப்பட்ட வலி தெரிந்தவர்கள் எப்படி இன்னொருவரைத் தள்ளிவைத்தார்கள்? அடுத்த வாரம் அங்கே போவோம்.