கொல்லையில் ஹாப்ஸ், கொப்பரையில் பீர்

முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் தித்திக்கும் சாறு ஒன்று கிடைக்கும். ஈஸ்ட் சேர்த்தால் அது நொதித்து மதுவாகிவிடும். ஆனால் இன்று உலகம் பீர் என்று சொல்லும் பானம் ஆகாது. கசப்பு, மணம், எளிதில் கெட்டுப்போகாத தன்மை மூன்றையும் கொடுப்பது ஹாப்ஸ் என்ற கொடி. இது பானத்தைக் கெடாமல் காக்கும் என்று ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் பீர் மாதக்கணக்கில் கப்பலேறி மதராஸ் வரை வந்து சேர்ந்ததற்கும், அதில் தாராளமாகப் போட்ட ஹாப்ஸ் ஒரு காரணம்.

தாவரவியல்படி ஹாப்ஸ் கஞ்சாவின் குடும்பம். போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆலைக்கு வேண்டியது பெண் கொடியின் பூங்கூம்பு மட்டும். குளிர்காலத்தில் மேலே இருப்பதெல்லாம் பட்டுப்போய்விடும். வேர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். வசந்தத்தில் துளிர்த்து, உயரக் கட்டிய கயிற்றை முரட்டு மயிர்களால் பற்றிக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் ஐந்தாறு மீட்டர் ஏறிவிடும். கோடையின் நீண்ட பகல் இல்லாவிட்டால் இது சரியாகப் பூக்காது. அதனால்தான் ஹாப்ஸ் தோட்டங்கள் பெரும்பாலும் 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளில் இருக்கின்றன.

பச்சைக் கூம்பு ஒன்றை நீளவாக்கில் பிளந்து பார்த்தால், செதில்களின் அடியில் மஞ்சள் பொடி தெரியும். தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். லூப்புலின் என்னும் இந்தப் பொடியில்தான் எல்லாம் இருக்கிறது. இதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கக் கொதிக்க உருமாறி, சாற்றில் கரையும் கசப்பாகின்றன. வாசனை எண்ணெய்களோ கொதித்தால் ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவே கசப்புக்கான ஹாப்ஸை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சுவார்கள். மணத்துக்கானதை, ரசத்தில் கொத்தமல்லி போடுவதுபோல, இறக்கும்போது போடுவார்கள்.

இந்த ஹாப்ஸைத் தானே விளைக்கும் ஆலைகளும் உண்டு. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்து ஃபார்ன்ஹாம் ஒரு காலத்தில் ஹாப்ஸுக்குப் பெயர்போன ஊர். ஃபார்ன்ஹாம் வைட் பைன் என்று அதற்குச் சொந்த ரகமே இருந்தது. கடந்த நூற்றாண்டில் அந்தத் தோட்டங்கள் மறைந்தன. பக்கத்து டோங்கம் கிராமத்தில், 18ஆம் நூற்றாண்டுப் பண்ணைக் கட்டடங்களில் 1992 முதல் இயங்கும் ஹாக்ஸ் பேக் ஆலை 2014இல் தன் நிலத்தில் ஹாப்ஸ் நட்டது. ஊரைவிட்டுப் போன வைட் பைனும் அதோடு திரும்பி வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக்கும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே செழித்திருந்த ஹாப்ஸைப் பூஞ்சை நோயும் மதுவிலக்கும் ஒழித்துக்கட்டின. பண்ணை பீர் ஆலைகளுக்கென 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஹாப்ஸில் ஐந்தில் ஒரு பங்காவது உள்ளூரில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்றது. 2019இல் அந்த அளவு 60 சதவீதமானது.

சரி, சொந்தமாக விளைத்தால் பீர் நன்றாக வந்துவிடுமா? அப்படி ஒன்றும் இல்லை என்பதே என் எண்ணம். பறித்த கூம்பில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். சூட்டுக் காற்றில் அதைப் பத்து சதவீதமாகக் குறைத்து, அழுத்திக் கட்டிக் குளிரில் வைத்தால் ஓராண்டு தாங்கும். அப்படி உலர்த்தியது எதிர் வயலிலிருந்து வந்ததா, நூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்ததா என்று நாக்கு கண்டுபிடிப்பது கடினம். அசுவினியோடும் பூஞ்சையோடும் மல்லுக்கட்டும் செலவோ ஆலையின் தலையில்தான் விழும்.

வித்தியாசம் தெரிவது பச்சை ஹாப்ஸ் பீரில். உலர்த்தாத கூம்பு குவியலாகக் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். பறித்த ஒரு நாளுக்குள் கொப்பரையில் விழ வேண்டும். ஈரமே மிகுதி என்பதால் உலர்ந்ததைப்போல நான்கைந்து மடங்கு எடை போட வேண்டும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1996இல் இப்படி ஒரு பீரைக் காய்ச்ச, வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து பச்சைக் கூம்புகளை அவசரமாக வரவழைத்தது. தோட்டம் வாசலிலேயே இருந்தால் அந்த ஓட்டம் தேவையில்லை. அறுத்த புல்லின் வாசம் கலந்த இந்த பீர் அறுவடை முடிந்து சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும். வாங்குபவர்கள் பத்திரப்படுத்தி வைக்காமல் சீக்கிரம் குடித்துவிடுவது நல்லது. முதலில் மங்குவது அந்த மணம்தான்.