துளையைப் பெரிதாக்கினால் போதுமா?

பழைய அமெரிக்க வி-8 என்ஜின்களைப் பிரித்துக் கோப்பவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு சிலிண்டர் ஹெட்டில் வேறொரு ஹெட்டுக்கான இன்டேக் மேனிஃபோல்டை மாட்ட வேண்டி வந்தால், நடுவில் வரும் கேஸ்கெட்டை இரண்டு முகங்களிலும் வைத்துக் கோடு கிழித்து, கோடு வரைக்கும் காற்றுத் துளைகளை (போர்ட்) கிரைண்டரால் குடைந்துவிடுவார்கள். 'போர்ட் மேட்ச்' முடிந்தது. இனி காற்று தடையில்லாமல் போகும் என்று நம்புவார்கள். இதில் பாதிதான் சரி. இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டும் என்பதில் மறுப்பு இல்லை. அதற்காக இரண்டையும் பெரிய அளவுக்கு இழுத்துப்போக வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியாது.

ஃபோர்டின் 351 கிளீவ்லாண்ட் என்ஜினே இதற்குச் சாட்சி. 1970 மாடல் கார்களோடு வந்த இந்த 5.8 லிட்டர் என்ஜினுக்கு, ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாண்ட் ஆலையால் அந்தப் பெயர். பிளாக் ஒன்று, ஹெட் இரண்டு வகை: இரண்டு பேரல் கார்புரேட்டருக்கு 2வி, நான்கு பேரலுக்கு 4வி. 4வி ஹெட்டின் இன்டேக் போர்ட் வாய் 2.50 அங்குல உயரம், 1.75 அங்குல அகலம். 2வி ஹெட்டில் அது 2.02-க்கு 1.65. மூலை வளைவுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் முன்னது சுமார் 4.4 சதுர அங்குலம், பின்னது 3.3. ஒரே அளவு காற்று சிறிய போர்ட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும் என்று பொருள். பந்தயத் தடத்தில் என்ஜின் அலறும்போது 4வி ஹெட்டை அடிக்க ஆள் கிடையாது. தெருவில், குறைந்த சுற்றில், அது சோம்பேறி. இந்தக் குறையைத் தீர்க்கவே பலர் 4வி போர்ட்டின் அடிப்பகுதியில் செருகு துண்டுகளை வைத்து அடைத்தார்கள். பெரிய துளைதான் நல்லது என்றால், கைக்காசு போட்டு அதை யாராவது அடைப்பார்களா?

இரண்டு வகை ஹெட்டுக்கும் போல்ட் துளைகள் ஒன்றே என்பதால் 4வி மேனிஃபோல்ட் 2வி ஹெட்டில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. உயரத்தில் கிட்டத்தட்ட அரை அங்குல வித்தியாசம். மேனிஃபோல்டில் ஓடிவரும் காற்று ஹெட்டின் வாயில் சுவரில் முட்டுகிறது. சரி, ஹெட்டின் வாயைக் குடைந்துவிடலாமே? வாய் மட்டும்தான் அகலும். உள்ளே போர்ட் பழைய அளவிலேயே இருக்கும். நடுவில் ஒரு தொப்பை விழும். காற்று அங்கே வேகம் இழந்து, பிறகு மறுபடி நெருக்கிக்கொண்டு ஓட வேண்டும். கார்புரேட்டர் என்ஜினில் அந்தக் காற்றோடு பெட்ரோல் துளிகளும் வருகின்றன. வேகம் குறைந்த இடத்தில் அவை சுவரில் படிந்து வழியும். போர்ட்டின் பக்கச் சுவருக்கு அப்பால் புஷ்ராட் போகும் வழி இருப்பதால் அளவில்லாமல் குடையவும் முடியாது. இதையே திருப்பிப் போடுங்கள்: சிறிய மேனிஃபோல்ட், பெரிய ஹெட். காற்று திடீரென விரிவதால் கொஞ்சம் இழப்பு உண்டு; ஆனால் எதிரே சுவர் இல்லை. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் பின்னோக்கி வரும் புகையை, துளை அளவு மாறும் இடத்தில் விழும் படி ஓரளவு தடுக்கவும் செய்யும். தவறுவதென்றால் இந்தப் பக்கம் தவறலாம்.

செவர்லேயின் 1996 வோர்டெக் ஹெட்டில் இந்த விவாதமே எழாது. முந்தைய ஹெட்டுகளிலிருந்து போல்ட் வைக்கும் இடமே மாறிவிட்டது; அதற்கென்று வார்த்த மேனிஃபோல்டைத்தான் வாங்க வேண்டும்.

துளைகள் நேராக அமைவதற்கும் கேஸ்கெட் கோடு உத்தரவாதம் இல்லை. வி வடிவ என்ஜினில் ஹெட்டின் அடிமுகத்தைச் சீவியிருந்தால் இரண்டு ஹெட்டுகளும் தாழ்ந்து நெருங்கிவிடும். இடையில் உட்காரும் மேனிஃபோல்டின் துளைகள் மேலே ஏறி நிற்கும். மேனிஃபோல்ட் முகத்தில் நீலச் சாயம் பூசி, கேஸ்கெட்டோடு மெதுவாக இறக்கி வைத்து, மறுபடி தூக்கிப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்று அச்சு சொல்லிவிடும். போல்ட் துளைகளிலும் சிறிது ஆட்டம் இருக்கும். டவல் பின் அடித்து இடத்தை நிலைநிறுத்தாமல் நுணுக்கமாகக் குடைந்தால், அடுத்த முறை கழற்றி மாட்டும்போது அந்த நுணுக்கம் போய்விடும்.

பந்தயக்காரர்கள் காலங்காலமாகப் போர்ட் மேட்ச் செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள், ஆனால் மேனிஃபோல்டின் வயிற்றிலிருந்து வால்வு இருக்கை வரை முழுப் பாதையையும் வடிவமைத்த பிறகு, கடைசி வேலையாக. காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் எண் கூடுகிறதே என்பது அடுத்த வாதம். அந்த இயந்திரம் மாறாத ஒரே உறிஞ்சலில் வெறும் காற்றை இழுக்கிறது. ஓடும் என்ஜினிலோ 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு இன்டேக் வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது; காற்று விட்டுவிட்டுப் பாய்கிறது. பெஞ்ச் எண் பொய்யல்ல, பாதிக் கதை. வால்வுக்கு அருகில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் துளி படியும் கவலை பெரும்பாலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றின் வேகம் பற்றிய கவலை அங்கேயும் உண்டு.

ஆகவே 2வி ஹெட் வைத்திருப்பவர் 4வி மேனிஃபோல்டை மலிவாகக் கிடைத்தது என்று வாங்காமல் இருப்பதே உத்தமம். எடெல்பிராக் நிறுவனம் இரண்டு ஹெட்டுக்கும் தனித்தனியாக மேனிஃபோல்ட் வார்த்திருக்கிறது. வாங்கியே ஆகிவிட்டதென்றால், மேனிஃபோல்டின் அடிப்பகுதியில் அலுமினிய வெல்டிங் வைத்து நிரப்பி, நீளமான சரிவாக இழைத்துக்கொள்ளுங்கள். எபாக்ஸி பூசினால் கொஞ்ச நாளில் பெயர்ந்து சிலிண்டருக்குள் போகும் அபாயம் உண்டு. கிரைண்டரை ஹெட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.