செவிவழிச் செய்தியும் உளவியல் ஆய்வறிக்கையும்

கல்வியியல் பட்டம் பயின்ற மாணவி ஒருவர், தம் உளவியல் ஆய்வறிக்கையை மொழித்திருத்தம் வேண்டி என்னிடம் தந்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் மீமிசல் பகுதிக் கடலோரச் சிற்றூர்களில் உலவிய வதந்திகளே அவர்தம் ஆய்வுப்பொருள். 'மக்கள் அறியாமையால் அஞ்சி ஓடினர்' என்பது அவர் கண்ட முடிவு. எவர் ஓடினர், என்ன கேட்டு ஓடினர், யார் சொல்லக் கேட்டனர் என்னும் வினாக்களுக்கு 40 பக்கங்களிலும் விடையில்லை. எழுத்துப்பிழை மிகுதியில்லை, அறிக்கையே பிழையாக இருந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என எச்சரித்தது நடுவண் உள்துறை அமைச்சகமே ஆகும். தமிழகக் கடற்கரை மக்கள் அஞ்சி ஓடினர், அலை வரவில்லை. அரசின் சொல்லைக் கேட்டு ஓடியவரை அறியாதார் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தில் ஒரு பழைய ஆய்வு நினைவுகூரத்தக்கது. 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெருநிலநடுக்கம் தாக்கியது. அதன்பின் பரவிய வதந்திகளைத் திரட்டிய ஜமுனா பிரசாத், 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் அவற்றை வெளியிட்டார். வெள்ளம் பாய்ந்து வருகிறது, சந்திர கிரகணத்தன்று மீண்டும் நிலம் நடுங்கும் என்றெல்லாம் மக்கள் பேசியதை அவர் அப்படியே பதிவு செய்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் அவ்வறிக்கையைப் படித்தார். அதிர்வை உணர்ந்தும் அழிவைக் காணாத பகுதியினர், இனியும் பெருங்கேடு வரும் என்று பேசியது ஏன் என வியந்தார். அச்சம் முன்னே வந்துவிட்டது. அதற்குத் தக்க காரணத்தை உள்ளம் பின்னர்த் தேடிக்கொண்டது என்பது அவர் கண்ட விளக்கம். 1957-இல் அவர் நூலாக வெளியிட்ட அறிதல் முரண்பாட்டுக் கொள்கைக்கு இவ்வியப்பு ஒரு தூண்டுகோல். தார்ஜிலிங் நிலச்சரிவு பற்றித் துர்கானந்த் சின்கா 1952-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுபுறம்: அழிவை நேரிற் கண்டவரிடையே அத்தகைய மிகைவதந்திகள் காணப்படவில்லை.

பிரசாத் தம் ஏட்டில் 'பாமரர் பிதற்றல்' என்று மட்டும் எழுதி அமைந்திருப்பின், ஃபெஸ்டிங்கருக்கு எஞ்சியிருப்பது யாது?

உளவியல் அறிக்கையின் உறுப்புகள் இதனை உளங்கொண்டே அமைந்தன. முன்னுரை, முன்னோர் கண்டதையும் தம் கருதுகோளையும் கூறும். ஆய்வுமுறையே உயிர்ப்பகுதி. எத்தனை பேர், எவ்வகையினர், நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலம் கழித்து, எந்த வினாவை, எந்தச் சொற்களால் கேட்டோம் என்பனவற்றை, மற்றொருவர் படித்து அவ்வாய்வை மீண்டும் செய்யத்தக்க அளவுக்கு விரித்துரைத்தல் வேண்டும். முடிவுகள் பகுதியில் கண்டது மட்டுமே இடம்பெறும். அதன் பொருள் விளக்கப் பகுதிக்கு உரியது. இவ்விரண்டையும் கலப்பதே நம் மாணவர்தம் பெருங்குறை. பத்துப்பேரில் இருவர் சொன்னதை 'இருபது விழுக்காட்டினர்' என்று பெருக்கிக் காட்டுவதும், கருதுகோளுக்கு மாறான விடைகளை மறைப்பதும் அதனினும் கொடியன. சுருக்கவுரையை இறுதியில் எழுதி முதலில் வைக்கலாம்.

ஹதீஸ் கலை அறிந்த நம் பெரியோர்க்கு இது புதிதன்று. செய்தி வேறு, அதனை அறிவித்தோர் தொடர் வேறு. தொடரை ஆராயாது செய்தியை ஏலாமை அக்கலையின் அடிப்படை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அறிவிப்பாளர் பெயர் இன்றியமையாதது. உளவியல் அறிக்கையிலோ பெயரை மறைத்தல் கடமை. தம் அச்சத்தை நம்மிடம் கூறியவரின் சொல் ஓர் அமானிதம். ஊர், தொழில், வயது மூன்றையும் ஒருங்கே எழுதினால், பெயரின்றியும் சிற்றூரில் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். இதனையும் அம்மாணவியிடம் கூறினேன்.

அவர் மீண்டும் சென்று 17 பேரை வினவி வந்தார். அவர்களுள் நால்வர் ஓடவேயில்லை. ஓடாமைக்கு அவர்கள் கூறிய காரணங்களை அவர் தனியே தொகுத்திருந்தார். 'அறியாமை' என்னும் சொல் நீங்கியிருந்தது. அறிக்கை 22 பக்கங்களாகக் குறைந்தது. மக்கள் கூறியன அடங்கிய பின்னிணைப்பு மட்டும் வளர்ந்திருந்தது.