விழுறது சகஜம் ப்ரோ... ஆனா எங்கே விழுறோம்? டர்ட் பைக்கிங் த்ரில்லும் சில சில்லறைகளும்!

விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் போகும் பலருக்கு கண்டமங்கலம், பஸ் நின்று போகும் ஓர் ஊர். ஆனால், பைக் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்தப் பகுதியின் மேப்பே வேறு மாதிரி தெரியும். வடக்கே வானூர், திருவக்கரை பக்கம் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு. இந்தப் பக்கம் சங்கராபரணி ஆற்று மணல். வயல்களுக்கு நடுவே கரும்பு லோடு டிராக்டர்கள் கிழித்துப்போட்ட தடங்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. 'கையில ஒரு டர்ட் பைக் மட்டும் இருந்தா...' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து ரீல்ஸைத் திறந்தால், யாரோ ஒருவர் மண்மேட்டிலிருந்து பறந்து ஸ்லோமோஷனில் தரையிறங்குவார்.

அந்த 15 விநாடியில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அப்படிப் பறப்பதற்கு முன்னால் அவர் எத்தனை முறை மண்ணைக் கவ்வினார் என்பது! இந்த ஹாபியில் விழுவதும் சிலபஸில் உண்டு. அதனால், 'விழாம ஓட்டுறது எப்படி' என்று யோசிப்பதைவிட, 'எங்கே, எந்த வேகத்தில், என்ன போட்டுக்கிட்டு விழப்போறோம்' என்று முதலில் முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

எதுங்க டர்ட் பைக்?

1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லி பகுதியில் நடந்த மண்தரைப் பந்தயத்தைத்தான் மோட்டோகிராஸின் தொடக்கம் என்பார்கள். அன்றைக்கு ஓடியவை சாதாரண ரோடு பைக்குகள். நூறு வருடத்தில் அது தனி ஜாதி வண்டியாகவே மாறிவிட்டது.

இன்றைய மோட்டோகிராஸ் பைக்கில் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன் எதுவும் கிடையாது. 450 சி.சி வண்டிகூட ஏறக்குறைய 110 கிலோதான். சஸ்பென்ஷன் சுமார் 300 மி.மீ வரை அமுங்கி எழும். பல லட்சம் கொடுத்து வாங்கினாலும் ஆர்.டி.ஓ-வில் பதிவு செய்ய முடியாது. டிராக்குக்கு மட்டும்தான். அங்கேயும் டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

நம்மில் பெரும்பாலானவர்கள் வாங்குவது ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் ஓடும் டூயல் பர்ப்பஸ் ரகம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கவாஸாகி கே.எல்.எக்ஸ் 230 எல்லாம் இந்தப் பட்டியல். 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ், இந்த ஹாபியை மிடில் கிளாஸ் பட்ஜெட்டுக்குக் கொண்டுவந்த வண்டிகளில் ஒன்று. முன்பக்கம் 21 இன்ச் வீல், பின்பக்கம் 18 இன்ச், முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. பெரிய சக்கரம் எதுக்கு? சின்ன சக்கரம் பள்ளத்துக்குள் விழும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தை உருண்டு கடந்துவிடும். மேட்டர் அவ்வளவுதான்.

இன்னொரு குரூப் உண்டு. பழைய ஆர்.எக்ஸ் 100-ஐ உரித்துவிட்டு பட்டன் டயர் மாட்டுகிறவர்கள். ஆசை புரிகிறது. ஆனால், அந்த ஃபோர்க்கும் ஃபிரேமும் ஜம்ப் அடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தரையிறங்கும்போது வளைவது முதலில் ஃபோர்க். அடுத்து உங்கள் மணிக்கட்டு.

ஏன் இவ்வளவு கிக்?

ஹைவேயில் 100-ல் போனாலும் கொஞ்ச நேரத்தில் போரடிக்கும். மண்ணில் 30-ல் போனாலே இதயம் வாய்க்கு வந்துவிடும். காரணம், டயருக்கும் தரைக்கும் உள்ள பிடி ஒவ்வொரு அடியிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. காய்ந்த செம்மண்ணின் மேலே உருளும் சரளை, ஆற்று மணல், ஈரக் களிமண் என ஒவ்வொன்றுக்கும் வண்டி வேறு மாதிரி பதில் சொல்லும். பின் சக்கரம் லேசாக வழுக்க, நீங்கள் உடம்பைச் சாய்த்து அதைச் சமாளிக்கிற அந்த ஒரு நொடிதான் இந்த ஹாபியின் போதை.

இது செம வொர்க்அவுட்டும்கூட. உட்கார்ந்து ஓட்டுகிற வேலையே குறைவு. ஃபுட்பெக்கில் நின்று, முழங்காலை லேசாக மடக்கி, முழங்கையை அகட்டி, தொடையால் டேங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முன்கை கல்லாக இறுகி, பிரேக் லீவரைப் பிடிக்கவே விரல் ஒத்துழைக்காது. 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று போகிற நேரத்தில்தான் பல பேர் விழுகிறார்கள்.

எப்படித்தான் விழுறாங்க?

புதுசாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் நான்கே வழிகளில் விழுகிறார்கள்.

முதலாவது, முன் பிரேக். தார் ரோட்டில் உயிர் காக்கும் அதே பிரேக், சரளை வளைவில் சட்டென்று பிடித்தால் முன் சக்கரத்தை வாரிவிடும். மண்ணில் முன் பிரேக்குக்கு ஒரே ஒரு விரல் போதும், அதுவும் வண்டி நேராக இருக்கும்போது.

இரண்டாவது, ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொள்வது. மேட்டில் வண்டி ஒரு துள்ளு துள்ளும். உடம்பு பின்னால் போகும். பிடித்திருக்கும் கையும் கூடவே போகும். ஆக்ஸிலரேட்டர் இன்னும் முறுகும். வண்டி உங்களை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடும். இதற்கு மருந்து, கிளட்ச் லீவரில் எப்போதும் ஒரு விரல்.

மூன்றாவது, கண். 'அந்தக் கல்லுல மட்டும் மோதிடக் கூடாது' என்று கல்லையே பார்த்தால், நேராக அதில்தான் போய் மோதுவீர்கள். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.

நான்காவது, மணல். மணலில் ஹேண்டில் ஆடும். பயந்து வேகத்தைக் குறைத்தால் முன் சக்கரம் புதைந்துவிடும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்து, ஹேண்டிலை ஆடவிட வேண்டும்.

விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. அப்படி ஊன்றும் அடி மணிக்கட்டுக்கோ காரை எலும்புக்கோ போய்ச் சேரும். இந்த விளையாட்டில் காரை எலும்பு முறிவு ரொம்ப சகஜம். காலை ஊன்றினால் கணுக்கால்.

சாம்பியன்களும் விழுந்தவர்களே!

'நல்லா ஓட்டக் கத்துக்கிட்டா விழ மாட்டோம்ல?' என்று கேட்டால், பதில் டக்கார் ராலியில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் தொடங்கி, தென் அமெரிக்கா போய், 2020 முதல் சவுதி அரேபியாவில் நடக்கிற, உலகின் கடினமான ஆஃப்ரோடு பந்தயம் அது. 2015-ல் அதை முடித்த முதல் இந்தியர், பெங்களூருவின் சி.எஸ்.சந்தோஷ். அதற்கு இரண்டு வருடம் முன்பு, அபுதாபி பாலைவனப் பந்தயத்தில் பைக் தீப்பிடித்து தீக்காயம் பட்டவர் அவர். 2021 ஜனவரியில் டக்காரின் நான்காவது கட்டத்தில் மோசமாக விழுந்தார். தலையில் அடி. ரியாத் மருத்துவமனையில் மருந்து கொடுத்து கோமா நிலையில் வைத்துத்தான் சிகிச்சை தந்தார்கள். மீண்டு வந்தார்.

அவருடைய ஹீரோ அணியிலேயே ஓட்டிய போர்ச்சுகலின் பாவ்லோ கொன்சால்வெஸ் மீளவில்லை. 2020 டக்காரில் விழுந்து உயிரிழந்தார். உலகின் டாப் ரைடர்களில் ஒருவர் அவர்.

கேரளாவின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, நம் ஓசூரின் டி.வி.எஸ் ரேஸிங் வளர்த்த ரைடர். 2023-ல் விழுந்து முதுகெலும்பில் காயம். 2024-ல் திரும்பி வந்து ராலி 2 பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தமாக 11-வது இடம். இந்தியாவுக்கே அது முதல்முறை. 2025-ல்? முன்னோட்டச் சுற்றிலேயே விழுந்து மணிக்கட்டு முறிவு!

இவர்களுக்கெல்லாம் பயிற்சி, மேலே பறக்கும் ஹெலிகாப்டர், காத்திருக்கும் டாக்டர் எல்லாம் உண்டு. முந்திரித் தோப்பில் தனியாக ஓட்டுகிற நமக்கு? யோசிங்க.

போட வேண்டியதைப் போடுங்க

கண்ணாடிக்கும் மூச்சுக்கும் இடம் விட்ட ஆஃப்ரோடு ஹெல்மெட், காகிள்ஸ், முழங்கால் - முழங்கை கார்டு, மார்பு - முதுகு கவசம், கிளவுஸ், முழங்கால் வரை ஏறும் கெட்டி பூட்ஸ். கையில் காசு கம்மி என்றால் ஹெல்மெட்டுக்கு அடுத்து பூட்ஸ் வாங்குங்கள். 150 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி காலில் சாயும்போது, ஸ்னீக்கர்ஸ் ஒன்றும் செய்யாது. எக்ஸாஸ்ட் பைப்பை மிஞ்சிய மிருகம் எதுவும் இல்லை. ஷார்ட்ஸ் போட்டு ஓட்டினால் கெண்டைக்காலில் அதன் முத்திரை ஆயுசுக்கும் இருக்கும்.

எங்கே ஓட்டக் கூடாது?

கண்டமங்கலம் பக்கம் காலி நிலம் மாதிரி தெரிகிற பல இடங்கள் காலி நிலமே இல்லை. ஊசுட்டேரி, பறவைகள் சரணாலயம். திருவக்கரையில் கிடப்பது வெறும் பாறை என்று நினைத்தால், அது சுமார் 2 கோடி ஆண்டு பழைமையான கல்மரம். பாதுகாக்கப்பட்ட தேசிய புதைபடிவப் பூங்கா. ஏரிக்கரையில் பட்டன் டயர் கிழிக்கும் தடம், அடுத்த மழையில் தண்ணீர் அரிக்கும் வழியாகிவிடும். அந்த ஏரியை நம்பித்தான் கீழே நெல் நிற்கிறது.

வயல்வெளியில் வேறு ஆபத்து. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் புல் மறைவில் வாய் பிளந்து கிடக்கும். கம்பிவேலி தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பு, அடியில் தண்ணீர் நிற்கிற செங்குத்துப் பள்ளம். எனவே, தெரிந்தவரின் தரிசு நிலம், அவரிடம் அனுமதி, முதலில் நடந்தே ஒரு சுற்று. அதற்குப் பிறகுதான் சாவி.

முறையாகக் கற்க ஆசையா? கர்நாடகாவின் கோலார் பக்கம் சி.எஸ்.சந்தோஷே தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க் இருக்கிறது. பந்தய ஆசை வந்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பின் லைசென்ஸ் எடுத்து, அது அங்கீகரித்த போட்டிகளில் மட்டும் ஓட்டுங்கள்.

பர்ஸைப் பதம் பார்க்கும் விஷயங்கள்

பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல்முறையே 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. அனுமதியின்றி வண்டியை மாற்றி அமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 வரை போகலாம். 18 வயது ஆகாத தம்பி ஓட்டி மாட்டினால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். பைக் இன்ஷூரன்ஸில் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும்: பந்தயம், வேகச் சோதனையில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடையாது.

விழுந்துட்டாங்க... அடுத்து?

தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வதன் காரணமே இதுதான். முதலில் பின்னால் வருகிற வண்டிகளை நிறுத்துங்கள். விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டை அவசரமாகக் கழற்றவே கூடாது. கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த இழுப்பே பக்கவாதத்தில் முடியலாம். 108-க்கு அடியுங்கள், லொகேஷனைச் சரியாகச் சொல்லுங்கள். கண்டமங்கலத்துக்கு கிழக்கே ஜிப்மர், மேற்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எழுந்து 'ஒண்ணுமில்ல மச்சான்' என்று சிரித்தாலும், தலையில் அடி பட்டவர் அன்றைக்கு மறுபடி வண்டி ஏறக் கூடாது. வாந்தி, தலைச்சுற்றல், உளறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

முதல் மாதம் ஜம்ப் வேண்டாம். நின்றுகொண்டு ஓட்டுவது, மெதுவாக எட்டு போடுவது, பின் பிரேக்கில் நேராக வழுக்கி நிற்பது, கீழே கிடக்கிற வண்டியை முதுகு போகாமல் தூக்கி நிறுத்துவது - இந்த நான்கையும் நடக்கிற வேகத்தில் பழகுங்கள். இதிலும் விழுவீர்கள். ஆனால் புழுதியைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டுக்குச் சாப்பிடப் போகிற மாதிரி விழுவீர்கள்.

ரீல்ஸ் எங்கேயும் போகாது மக்களே, மெதுவா எடுத்துக்கலாம்!