உங்களுக்குத் தெரியுமா? அரை மணி நேரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை

● இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள்.

● 2018 டிசம்பரில், சாத்தூரில், கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர், தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் தாமே முன்வந்து மருத்துவமனைக்குச் சொன்னார். தாய்க்கு உடனே சிகிச்சை தொடங்கியது. 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை.

● அரசு மருத்துவமனைகளின் ‘நம்பிக்கை மையத்தில்’ பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். சிறிதளவு ரத்தம் போதும். அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். தொற்று இருப்பதாகக் காட்டினால் மேலும் இரு சோதனைகளில் உறுதிசெய்வார்கள்.

● புதிய தொற்று உடனே தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் 3 மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள்.

● ஆணுறை, எச்.ஐ.வி.யோடு பல பால்வினை நோய்களையும் தடுக்கும். தொற்று ஏற்படும் ஆபத்து நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு.

● மருந்தால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் பிறருக்குப் பரவாது.

● உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெட்கமோ பயமோ வேண்டாம், தம்பி, தங்கைகளே! சந்தேகங்களுக்கு இலவச உதவி எண்: 1097.